மோட்டார் சைக்கிளில் கியர் முரண்டு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

கியர் முரண்டு பிடிக்கிறது என்று பட்டறைக்கு வரும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கியர்பாக்ஸில் பழுது இருப்பதில்லை. கிளட்ச் கேபிளில் இருக்கும், கிளட்ச் பிளேட்டில் இருக்கும், ஆயிலில் இருக்கும், செயினில் இருக்கும். சில சமயம் வளைந்துபோன கியர் லீவரில் இருக்கும். இவற்றில் எதற்கும் இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டியதில்லை. வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் பார்த்துக்கொண்டு போனால் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை, வரிசை தவறினால் சில ஆயிரங்களை விழுங்கிவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. தறிக்கு நூல் கொண்டுவருவதும், நூற்பாலையின் இரவு வேலைக்கு ஆளைக் கொண்டுபோவதும், கருவேலங்கரி மூட்டை சுமப்பதும், கோடையில் தண்ணீர்க் குடம் தூக்குவதும் அந்த ஒரே வண்டிதான். அது பட்டறையில் நிற்கிற நாளெல்லாம் வீட்டின் வருமானமும் நிற்கிறது.

புகாரைச் சரியாகக் கேட்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. "கியர் விழ மாட்டேங்குது" என்றால் லீவர் இறுகி நிற்கிறது. "நியூட்ரல் சிக்க மாட்டேங்குது" என்றால் ஓடும்போது எல்லாம் சரியாக இருந்து, ரயில்வே கேட்டில் நின்றபின் வண்டி ஃபர்ஸ்ட் கியரை விட்டு வர மறுக்கிறது. "டங்குன்னு விழுது" என்றால் கியர் விழுகிறது, ஆனால் வண்டியே அதிர்கிறது. "கியர் எகிறுது" என்றால் விழுந்த கியர், முறுக்கியவுடன் தானாக வெளியே வந்துவிடுகிறது. "லீவர் தொங்குது" என்றால் மிதித்த லீவர் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஐந்தும் கியர் கோளாறு என்ற ஒரே பெயரில் வந்தாலும் காரணங்கள் வெவ்வேறு. முதல் மூன்றும் பெரும்பாலும் கிளட்ச்சையும் செயினையும் சேர்ந்தவை. கடைசி இரண்டுக்குத்தான் உள்ளே பார்க்க வேண்டியிருக்கும்.

எப்போது வருகிறது என்ற கேள்வியும் அதே அளவு முக்கியமானது. காலையில் முதல் கிக்கில் மட்டுமா, பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடானபின்னா, மழையில் நனைந்தபின்னா, ஆயில் மாற்றிய நாளிலிருந்தா? நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுக்கும் முன் இதைத்தான் கேட்பார். இதைக் கேட்காமல் கவரைக் கழற்றத் தொடங்கும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது.

வண்டியின் கியர்பாக்ஸுக்குள் இரண்டு ஷாஃப்ட்டுகள் இணையாக ஓடுகின்றன. ஒன்று கிளட்ச்சிலிருந்து சுழற்சியை வாங்குகிறது. மற்றொன்று அதைச் செயின் ஸ்பிராக்கெட்டுக்குக் கொடுக்கிறது. இரண்டிலும் உள்ள பற்சக்கரங்கள் எந்நேரமும் ஒன்றையொன்று கடித்தபடியே இருக்கும். கியர் மாற்றும்போது பற்கள் பிரிந்து வேறு பற்களோடு சேர்கின்றன என்ற எண்ணம் பரவலாக உண்டு, அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் ஷாஃப்ட்டின் மேல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். ஷாஃப்ட்டோடு பிணைந்து சுழலும் பக்கத்துச் சக்கரம் ஒன்று நகர்ந்து வந்து, தன் பக்கமுகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் முனைகளை இந்தச் சக்கரத்தின் குழிகளில் மாட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் டாக் என்று சொல்லும் இந்த முனைகள் மாட்டினால் கியர் விழுந்தது என்று பொருள். எந்த டாக்கும் மாட்டாத நிலைதான் நியூட்ரல்.

சக்கரத்தை நகர்த்துவது ஃபோர்க். ஃபோர்க்கை நகர்த்துவது டிரம்மின் மேல் வெட்டப்பட்ட வளைந்த பள்ளம். லீவரை ஒருமுறை மிதித்தால் டிரம் ஒரு படி திரும்பும். தறி ஓட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். டாபி பூட்டிய தறியில் மிதியை ஒருமுறை அழுத்தினால் உருளை ஒரு கட்டம் நகர்ந்து, அந்தக் கட்டத்துக்குரிய இழைகள் மட்டும் எழும்புகின்றன. மிதி அரைகுறையாக விழுந்தால் உருளை இரண்டு கட்டத்துக்கு நடுவே நின்று நெசவு தப்பும். இங்கே டிரம் நடுவே நின்று கியர் தப்பும். ஒரு மிதிக்கு ஒரே கியர், மிதித்ததும் லீவர் நடுநிலைக்குத் திரும்புதல் என்ற இந்த ஏற்பாட்டை 1920களின் இறுதியில் இங்கிலாந்தின் வெலோசெட் நிறுவனத்தில் ஹரால்ட் வில்லிஸ் உருவாக்கினார். அதற்கு முன் பல வண்டிகளில் பெட்ரோல் டேங்கின் பக்கத்தில் இருந்த கம்பியைக் கையால் தள்ளித்தான் கியர் மாற்றினார்கள்.

கார் கியர்பாக்ஸில், மாட்டப்போகும் இரண்டு பாகங்களின் வேகத்தையும் முதலில் சமமாக்கித் தரும் வளையங்கள் உண்டு. மோட்டார் சைக்கிளில் அவை இல்லை. வேகம் சமமாகாமலே டாக் போய் மோதும். ஆகவே நின்ற வண்டியில் ஃபர்ஸ்ட் கியர் விழும்போது "டக்" என்று ஓர் ஓசை கேட்பது இயல்பு. அதை நோயாக எண்ணிச் செலவு செய்ய வேண்டாம். அந்த ஓசை பலமான அடியாக மாறி, வண்டி முன்னால் துள்ளினால்தான் கவனிக்க வேண்டும்.

செலவில்லாத ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். இன்ஜினை நிறுத்தி, வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே கியர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். இப்படிப் போடும்போது எல்லாக் கியரும் லேசாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு செய்தால் குற்றவாளி கிளட்ச். இன்ஜின் நின்றிருக்கும்போதே லீவர் இறுகினால் லீவரிலோ, கியர் ஷாஃப்ட்டிலோ, டிரம்மிலோ கோளாறு. பின் சக்கரத்தை உருட்டாமல் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. டாக்கின் முனை முனையோடு முட்டி நின்று, நல்ல கியர்பாக்ஸும் கெட்டதுபோல் தோன்றும். இரண்டாவது சோதனை: இன்ஜினை நிறுத்திய நிலையில் ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, கிளட்ச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ள வேண்டும். தாராளமாக உருண்டால் கிளட்ச் விலகுகிறது. இழுத்துக்கொண்டே வந்தால் விலகவில்லை.

கிளட்ச் முழுக்க விலகாமல் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் கியர் முரண்டின் முதன்மையான காரணம். சிறிய வண்டிகளின் கிளட்ச், ஆயிலில் நனைந்தே ஓடும் பல பிளேட்டுகளின் அடுக்கு. உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளால் இறுக்கப்பட்டிருக்கும். கிளட்ச்சைப் பிடித்தால் இந்த அழுத்தம் விலகி, பிளேட்டுகளுக்கு நடுவே நூலிழை அளவு இடைவெளி விழ வேண்டும். அது விழாவிட்டால் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். சுமை ஏறிய டாக் குழியை விட்டு நகராது. அதனால்தான் நியூட்ரல் சிக்குவதில்லை. ஃபர்ஸ்ட்டுக்கும் செகண்டுக்கும் நடுவே நியூட்ரல் உள்ள வண்டிகளில் அது தாண்டித் தாண்டிப் போகும். ஸ்பிளெண்டர் போல நான்கு கியரும் முன்பக்கம் மிதித்து ஏறும் வண்டிகளில் நியூட்ரல் வரிசையின் கடைக்கோடியில் இருப்பதால் தாண்டிப் போக வழியில்லை. அதிலும் குதிகாலால் எத்தனை முறை மிதித்தாலும் ஃபர்ஸ்ட்டை விட்டு வராமல் நின்றால், கிளட்ச் ஒட்டுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் கேபிள். கிளட்ச் லீவரின் நுனியில், கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் ஓரளவு வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். 100 சிசி வண்டிகளில் அது பொதுவாக 10 முதல் 20 மிமீ. கேபிள் நீண்டு அந்த ஆட்டம் 30, 40 மிமீ ஆகிவிட்டால், லீவரை ஹேண்டில்பாரோடு ஒட்டப் பிடித்தாலும் பிளேட்டுகள் போதிய அளவு விலகாது. லீவர் அருகிலும், கீழே இன்ஜின் பக்கத்திலும் உள்ள திருகுகளில் இதைச் சரிசெய்யலாம். 10 மிமீ ஸ்பானர் போதும். ஹேண்டில்பாரை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை திருப்பிப் பார்க்கும்போது ஆட்டத்தின் அளவு மாறினால் கேபிள் எங்கோ மடங்கியோ இழுபட்டோ இருக்கிறது. லீவர் பக்கத்து உருண்டை முனையில் இழைகள் ஒன்றிரண்டு அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் கேபிளை அன்றே மாற்றிவிட வேண்டும். மிச்ச இழைகளும் நடுவழியில், பெரும்பாலும் ஊரில்லாத இடத்தில், அறும்.

இந்த வட்டாரத்தில் கேபிள் சீக்கிரம் கெடுவதற்கு மண்ணும் ஒரு காரணம். கரிசலில் உள்ள களிமண் நீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெயில் காலத்தில் அது மாவுபோன்ற தூசியாகி, கேபிள் உறையின் திறந்த வாய் வழியாக உள்ளே இறங்குகிறது. அங்கே இருக்கும் கிரீஸோடு குழைந்து, கம்பியையும் உறையையும் அரைக்கும் பசையாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்ததும் நிலைமை வேறு. காட்டுப் பாதையிலும் கண்மாய்க் கரையிலும் ஓடிய வண்டியின் அடியில் கரிசல் சேறு அப்பிக்கொள்ளும். இன்ஜினுக்குக் கீழே கேபிள் மாட்டியிருக்கும் சிறிய கை, கியர் லீவரின் மூட்டு, முன் ஸ்பிராக்கெட் மூடி ஆகிய இடங்களில் அது தங்கி, இன்ஜின் சூட்டில் காய்ந்து செங்கல் போல் இறுகும். கிளட்ச்சை விட்டபின்பும் அந்தக் கை முழுக்கத் திரும்பாது. லீவர் தன் நடுநிலைக்கு வராது. மழைக்குப்பின் வரும் கியர் புகார்களில் பலவற்றைத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் தீர்த்துவிடுகின்றன. கழுவியபின் அந்த மூட்டுகளில் இரண்டு சொட்டு ஆயில் விட வேண்டும். கழுவும்போது தண்ணீர் கேபிள் உறைக்குள் இறங்கியிருந்தால், மேல்முனையைக் கழற்றி, மெல்லிய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழ்முனையில் அது சுத்தமாக வெளிவரும்வரை விட வேண்டும்.

கியர் இறுகுகிறது என்று சொன்னதும் கேபிளை இறுக்கிவிடுவது பல பட்டறைகளின் பழக்கம். அப்போதைக்குக் கியர் லேசாகும். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போவார். ஆனால் வெறும் ஆட்டமே இல்லாமல் இறுக்கிய கேபிள், கையை எடுத்தபின்பும் கிளட்ச்சைப் பாதி பிடித்தே வைத்திருக்கும். பிளேட்டுகள் வழுக்கும், சூடேறும். உராய்வுப் பொருள் கருகும். ஸ்டீல் பிளேட்டுகள் நெளியும். நெளிந்த பிளேட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாது. ஆகவே சில வாரங்களில் கிளட்ச் முன்பைவிட மோசமாக ஒட்டும். மீண்டும் கேபிள் இறுக்கப்படும். கேபிளை அளந்து வைத்தபின்பும் ஒட்டினால் கோளாறு பிளேட்டில் இருக்கிறது என்று கொண்டு அங்கே போக வேண்டுமே தவிர, திருகை இன்னும் ஒரு சுற்று சுற்றக்கூடாது.

பிளேட்டுகளைப் பார்க்க வலப்பக்கக் கவரைக் கழற்றினால் போதும். உராய்வு பிளேட்டின் கனம் சிறிய வண்டிகளில் புதிதாக இருக்கும்போது 3 மிமீ அளவில் இருக்கும். பத்தில் மூன்று நான்கு பங்கு மிமீ தேய்ந்தாலே மாற்றும் எல்லைக்கு வந்துவிடும். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஓரத்தைத் தட்டிப் பார்த்தால் நெளிவு தெரியும். நீலம் பூத்திருந்தால் அது வெந்துவிட்டது. இவற்றைவிடக் கவனிக்காமல் விடப்படுவது கிளட்ச் ஹவுசிங். பிளேட்டின் காதுகள் ஹவுசிங்கின் விரல்களில் மோதி மோதிப் பள்ளம் வெட்டிவிடும். அந்தப் பள்ளத்தில் காது சிக்கிக்கொண்டால், புது பிளேட் போட்ட மறுநாளும் கிளட்ச் ஒட்டும். லேசான பள்ளத்தை நுண்ணிய அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமாக வெட்டியிருந்தால் ஹவுசிங்கை மாற்றத்தான் வேண்டும். புது பிளேட்டுகளை உலர்ந்தபடியே பூட்டுவதும் தவறு. இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துத்தான் அடுக்க வேண்டும்.

காலையில் மட்டும் முரண்டு செய்து, ஐந்து நிமிடம் ஓடியதும் சரியாகிவிடும் வண்டிக்குப் பழுது எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியில் பிளேட்டுகளுக்கு நடுவே உள்ள ஆயில் படலம் அவற்றை ஒட்டவைத்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் அசைத்தால் ஒட்டு விட்டுவிடும். பிறகு நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சைப் பிடித்து ஓரிரு விநாடி பொறுத்து ஃபர்ஸ்ட் கியர் போட வேண்டும். அந்த ஓரிரு விநாடியில் உள்ளே சுழலும் ஷாஃப்ட்டின் வேகம் தணியும். சோக் போட்ட நிலையில், இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும்போது கியர் போடுவதால்தான் பாதி "டங்" ஓசைகள் வருகின்றன. ஐட்லிங் வேகம் 100 சிசி வண்டிகளில் நிமிடத்துக்கு 1,400 சுற்றை ஒட்டி இருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் ஒரு திருகால் இதைக் குறைக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்படும் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இந்த வேகத்தைக் கட்டுப்படுத்துவது மின்னணுப் பெட்டி. அங்கே ஐட்லிங் ஏறியிருந்தால் அது தனிக் கோளாறு, திருகைத் தேட வேண்டாம்.

அடுத்தது ஆயில். காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். இன்றைய பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் பிஸ்டன், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். அதுவும் 100 சிசி வண்டிகளில் ஒரு லிட்டரை ஒட்டிய அளவுதான். பற்சக்கரங்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி அதன் பிசுபிசுப்புத்தன்மை குறைகிறது. காற்றால் குளிரும் சிறிய இன்ஜின், 40 டிகிரி வெயிலில், இரண்டு மூட்டையோடு, செகண்ட் கியரில் காட்டுப் பாதையில் ஊர்ந்து போகும்போது அந்தக் குறைவு இன்னும் வேகமாக நடக்கிறது. சூடானபின் கியர் கரகரப்பாக மாறுகிற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அளவு எவ்வளவு இருக்கிறது என்பதையே. கையேட்டில் உள்ள இடைவெளி சாதாரண ஓட்டத்துக்குச் சொல்லப்பட்டது. புழுதியிலும் சுமையிலும் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றுவதுதான் முறை. ஆயிலுக்காகச் செலவாகும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதைவிட வீணான சிக்கனம் இந்த வண்டிகளில் வேறில்லை.

ஆயில் டப்பாவில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 போன்ற தரம். கையேட்டில் சொன்னதே சரி. வெயில் ஊர், கட்டியான ஆயில்தான் தாங்கும் என்று கையேட்டை மீறிக் கட்டி ஆயில் ஊற்றினால், காலை நேரத்தில் பிளேட்டுகள் இன்னும் அதிகமாக ஒட்டும். மற்றொன்று, ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி. ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கு ஜப்பானிய வாகனத் தர அமைப்பு கொண்டுவந்த அடையாளம் இது. எம்பி என்று குறித்த ஆயில் ஸ்கூட்டருக்கு. அதையோ, உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயிலையோ ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். அளவு பார்க்கும்போது வண்டி சமதரையில் நடு ஸ்டாண்டில் நிற்க வேண்டும்; சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அளவுக்குச்சியைத் திருகாமல் வெறுமனே உள்ளே விட்டு எடுக்க வேண்டும். ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குண்டாற்றில் வெள்ளம் வந்த நாளில் தரைப்பாலத்தில் இன்ஜின் மூழ்க ஓட்டிய வண்டியில் இது நேரும்; ஆயிலை உடனே கொட்டி மாற்ற வேண்டும். கொட்டிய ஆயிலைக் கண்மாய்ப் பக்கம் ஊற்றக்கூடாது. மழையை நம்பி வாழும் ஊருக்கு அந்தத் தண்ணீரைவிடப் பெரிய சொத்து இல்லை.

பழைய ஆயில் செயினுக்கும் போகக்கூடாது. அதில் உலோகத்தூள் இருக்கும், புழுதியும் ஒட்டும். செயின் கெட்டால் கியரில் என்ன தெரியும் என்று கேட்கலாம். தளர்ந்த செயினில், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் முதலில் தளர்வு எடுபட்டு, பிறகுதான் சக்கரம் இழுபடும். அந்த இடைவெளியின் முடிவில் வரும் குத்தல், ஓட்டுகிறவரின் காலுக்குக் கியர்பாக்ஸ் அடிப்பதாகவே தெரியும். கரிசல் மேல் போட்ட சாலை, அடிமண் உப்பியும் சுருங்கியும் அலை அலையாகிவிடுவதால் பின் சக்கரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது; செயினின் இறுக்கமும் அதோடு மாறுகிறது. சிறிய வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆட்டம் 20 முதல் 30 மிமீ. சுமை ஏற்றும் வண்டிக்கு இந்த எல்லையின் தளர்ந்த பக்கமே ஏற்றது. சுமை அழுத்தும்போது செயின் மேலும் இறுகும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்பிராக்கெட் ஷாஃப்ட்டின் பேரிங் போய்விடும். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும்.

ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் செயின் முழுக்க மூடியிருப்பது புழுதி நாட்டுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கண்ணில் படாததால் பலர் அதை மாதக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். மூடியில் உள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றினால் ஆட்டத்தைப் பார்க்கலாம். கழற்றும் நேரத்தில் மண்ணெண்ணெயில் துலக்கி, உலர்த்தி, 90 எண் கியர் ஆயிலை உட்பக்கமாக விட வேண்டும். ஸ்பிராக்கெட் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் செட்டாக மாற வேண்டும். புதுச் செயினைப் பழைய பல்லில் போட்டால் புதுச் செயினும் சீக்கிரம் தேயும். பின் சக்கரத்தின் உள்ளே அதிர்வைத் தாங்கும் ரப்பர்களையும் அப்போதே பார்க்க வேண்டும். அவை நசுங்கியிருந்தால் செயின் புதிதாக இருந்தும் குத்தல் போகாது.

லீவரும் காலும் பாக்கி. இடப்பக்கம் விழுந்த வண்டியில் லீவர் உள்நோக்கி வளைந்து கவரில் இடிக்கும். பாதி மிதித்ததும் நின்றுவிடும். லீவரின் போல்ட் தளர்ந்து உள்பற்கள் மழுங்கினால் மிதி வீணாகும். இவை கண்ணால் பார்த்தே தெரியும் பழுதுகள்; எனினும் இவற்றைப் பார்க்காமல் கிளட்ச்சைக் கழற்றிய கதைகள் உண்டு. செருப்புக் காலோடு ஓட்டுபவர்கள் அதிகம் உள்ள ஊரில் லீவரின் உயரமும் முக்கியம். முன்முனை பாதத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் அரை மிதி விழும். லீவரை முழுக்க மிதிக்க வேண்டும், முழுக்க விடவும் வேண்டும். விட்டால்தான் உள்ளே இருக்கும் கொக்கி பின்னால் வந்து டிரம்மின் அடுத்த பல்லைப் பிடிக்கும். காலை லீவர் மேலேயே வைத்து ஓட்டுவதால் ஃபோர்க் எந்நேரமும் சக்கரத்தின் பள்ளத்தில் உராய்ந்து தேய்கிறது. பக்கவாட்டில் தொங்கும் மூட்டையோ குடச் சட்டமோ லீவரில் இடித்துக்கொண்டிருந்தாலும் விளைவு அதுவே.

சாலையில் திடீரென ஆட்டு மந்தை குறுக்கே வந்து, நான்காவது கியரிலேயே நின்றுவிட்ட வண்டியில் கியரை இறக்க முடியாமல் தவிப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஷாஃப்ட்டுகள் நின்றுவிட்டதால் டாக்குகள் முட்டி நிற்கின்றன. அதற்கு மேல் மிதிப்பது ஃபோர்க்கை வளைக்கும். வண்டியை ஓர் அடி முன்னே உருட்டியோ, கிளட்ச்சை மயிரிழை விட்டுப் பிடித்தோ மிதித்தால் விழும். நிற்பதற்கு முன்பே, உருண்டுகொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாக இறக்கிவிடுவதுதான் சரியான பழக்கம். ஏற்றும்போது ஆக்சிலரேட்டரை விடுவதும் கிளட்ச்சைப் பிடிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். முறுக்கிப் பிடித்தபடி மிதித்தால் டாக்கின் மேல் சுமை இருக்கும். வராத டாக்கை வலிந்து இழுத்தால் அதன் விளிம்பு உருண்டுபோகும். நான்கு கியரும் முன்னால் விழும் வண்டியை ஓட்டிப் பழகியவர், ஒன்று கீழே மற்றவை மேலே உள்ள பல்சரையோ அப்பாச்சியையோ இரவல் வாங்கி ஓட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். ஏற்றுவதாக எண்ணி இறக்கிவிட்டால் பின் சக்கரம் இறுகி வண்டி சறுக்கும். டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வேகத்தைக் கொண்டே பிடிக்கும் கிளட்ச் அதில், மாற்றுவதற்குக் கியரே கிடையாது. சுமை தூக்கும் வேலைக்கு அது இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேற்சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் முரண்டு தீராவிட்டால், அல்லது லீவர் தொங்கினால், வலப்பக்கக் கவருக்குள் மறுபடி போக வேண்டும். பெரும்பாலான சிறிய வண்டிகளில் கியர் ஷாஃப்ட்டின் திருப்பு ஸ்பிரிங், டிரம்மின் முனையில் உள்ள ஸ்டார், அதை அழுத்திப் பிடிக்கும் உருளைக் கை ஆகியவை கிளட்ச்சுக்குப் பின்னாலேயே இருக்கின்றன. ஸ்பிரிங் உடைந்தால் லீவர் திரும்பாது. ஸ்டாரின் போல்ட் தளர்ந்தாலோ உருளைக் கையின் ஸ்பிரிங் சோர்ந்தாலோ டிரம் படிகளில் உறுதியாக உட்காராது. கியர்களுக்கு நடுவே போலி நியூட்ரல் வரும். இதுவரை வந்த எந்த வேலைக்கும் இன்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்கத் தேவையில்லை என்பதை வண்டிக்காரர் அறிந்திருக்க வேண்டும்.

பழைய வண்டிகளுக்கு இந்த வரிசை சற்று மாறும். நான்கு கியர் புல்லட்டில் கியர்பாக்ஸ் இன்ஜினிலிருந்து தனிப் பெட்டி. அதற்குத் தனி ஆயில். லீவர் வலப்பக்கம், முதல் கியர் மேலே. வெளிக்கவரைக் கழற்றினால் தெரியும் தடுப்புத் தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தி, மிதி இரண்டு பக்கமும் சமமாக விழுமாறு சரிசெய்யலாம். பாதிப் புகார்கள் அங்கேயே தீரும். 1985-இல் வந்த ஆர்எக்ஸ்100 இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு போகும் ஆயில் வேறு, கியரும் கிளட்ச்சும் நனையும் ஆயில் வேறு. முதலாவதைத் தவறாமல் ஊற்றும் பலர் இரண்டாவதை மறந்தேவிடுகிறார்கள். யெஸ்டி வண்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. கியரை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விலகும் அமைப்பும் உண்டு என்பதால் கிளட்ச் சரிசெய்தல் தவறினால் அது நேரே காலில் தெரியும்.

கியர் எகிறும் வண்டிக்கு மட்டும் குறுக்கு வழி இல்லை. டாக்கின் பக்கங்கள் உட்புறமாகச் சற்றே சாய்வாகச் செதுக்கப்பட்டிருக்கும். சுமை ஏற ஏற அவை ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். விளிம்பு உருண்டுவிட்டால் அதே சுமை அவற்றை வெளியே தள்ளும். இதற்குக் கேபிளும் ஆயிலும் மருந்தாகாது. இன்ஜினை இறக்கி, இரண்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். தள்ளிப்போட்டால் உடைந்த துணுக்கு மற்ற பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் போகும். பிரித்தபின் உருண்ட டாக் உள்ள சக்கரத்தை மட்டும் மாற்றுவது அரை வேலை. அதோடு மாட்டும் ஜோடிச் சக்கரம், அதை நகர்த்தும் ஃபோர்க், ஃபோர்க்கின் முனை ஓடும் டிரம் பள்ளம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளைந்த ஃபோர்க்கை அடித்து நிமிர்த்திப் போடுவதை ஏற்கக்கூடாது. கழற்றிய சர்கிளிப்புகளைத் திரும்பப் போடாமல் புதிது போட வேண்டும். வாஷர்கள் எடுத்த வரிசையிலேயே போக வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது வண்டிக்காரரின் உரிமை. இன்ஜினை மூடும் முன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரையும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும். பூட்டியபின் முதல் 500 கிலோமீட்டர் சுமை ஏற்றாமல், ஒரே வேகத்தில் முறுக்காமல் ஓட்டி, அந்த ஆயிலைக் கொட்டிப் புது ஆயில் ஊற்ற வேண்டும். புதிய பாகங்கள் படிந்து உதிர்த்த உலோகத்தூள் அதோடு வெளியே போகும்.